பதின்மூன்று ஜெர்சி: இஷ் ஸ்மித் போன வழியில்

முதல் நாள்: சார்லட், கான்கார்ட்

சார்லட் நகரத்தின் நடுவில், ட்ரேட் ஸ்ட்ரீட்டில்தான் ஹார்னெட்ஸ் அணியின் அரங்கம் இருக்கிறது. அந்தக் காலத்து வணிகப் பாதை போன தெரு, அதனால் அந்தப் பெயர். ஆனால் என்பிஏ என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கைப் பார்க்கிறவர்களுக்கு ‘ட்ரேட்’ என்றதும் வேறொன்றுதான் ஞாபகம் வரும். ஓர் அணி தன் ஆட்டக்காரரை இன்னோர் அணிக்குக் கைமாற்றிவிடுவது. காலையில் ஓர் ஊர், ராத்திரி வேறோர் ஊர். அந்தத் தெருப் பலகைக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றேன். இந்தப் பயணத்தை இங்கேதான் தொடங்கவேண்டும் என்று கோயம்புத்தூரிலேயே முடிவு செய்திருந்தேன்.

அக்கா இருப்பது இந்த ஊரில். மூன்று வாரம் லீவு போட்டு வந்தேன், அதில் எட்டு நாளை எனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டேன். “ஒரு ப்ளேயருக்காக எட்டு நாளாடா? யாரு, ஜோர்டானா?” என்றாள். “இல்லக்கா, இஷ் ஸ்மித்.” அவள் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. மாமா பத்து வருஷமாக இங்கே இருக்கிறார், அவருக்கும் தெரியவில்லை.

இஷ்மேல் லாரி ஸ்மித். 1988 ஜூலை 5ஆம் தேதி இதே சார்லட்டில் பிறந்தவர். ஆடும் இடம் பாயிண்ட் கார்டு, பந்தைக் கொண்டுபோய் மற்றவர்களுக்குக் கொடுத்து ஆட்டத்தை நடத்துபவர். உயரம் ஆறடி. நம் பக்கம் அது நல்ல உயரம், என்பிஏவில் குள்ளம். ட்ராஃப்ட் என்பது அணிகள் வரிசையாகப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள். 2010 ட்ராஃப்டில் அணிகள் எல்லாம் சேர்ந்து 60 பேரை எடுத்தன. அதில் அவர் பெயர் வரவில்லை. ஆனாலும் அதே வருஷம் ஹூஸ்டன் அணிக்குள் நுழைந்துவிட்டார். அப்புறம் மெம்ஃபிஸ், கோல்டன் ஸ்டேட், ஒர்லாண்டோ, மில்வாக்கி, ஃபீனிக்ஸ், ஒக்லஹோமா சிட்டி, ஃபிலடெல்ஃபியா, நியூ ஒர்லியன்ஸ், டெட்ராய்ட், வாஷிங்டன், சார்லட், டென்வர். மொத்தம் 13 அணிகள். என்பிஏ வரலாற்றில் இத்தனை ஜெர்சி போட்டவர் வேறு யாரும் இல்லை.

இப்படிப்பட்ட ஆட்டக்காரரை ‘ஜர்னிமேன்’ என்கிறார்கள். ஜர்னி என்றால் பயணம், அதனால்தான் அப்படி என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது தப்பு. பிரெஞ்சில் ‘ஜூர்னே’ என்றால் ஒரு நாள் பொழுது. தொழிலைக் கற்று முடித்தவர், ஆனால் சொந்தப் பட்டறை இல்லாதவர், நாள்கூலிக்கு வேலை பார்ப்பவர், அவர்தான் ஜர்னிமேன். நம் ஊரில் சித்தாளும் இல்லை, மேஸ்திரியும் இல்லை, தன் கரண்டியையும் ரசமட்டத்தையும் பையில் போட்டுக்கொண்டு எந்தக் கட்டடத்துக்குக் கூப்பிட்டாலும் போய்ச் சுவர் எழுப்பும் கொத்தனார் இருக்கிறாரே, அவர் மாதிரி.

நான் வேலை முடிந்து சாயங்காலங்களில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக் கொடுக்கிறேன். போன வருஷம் ஒரு பையன், பதினான்கு வயசு, ட்ராஃப்ட் பற்றிக் கேட்டுவிட்டு, “எடுக்கலைன்னா அவங்க அப்புறம் என்ன சார் பண்ணுவாங்க?” என்றான். எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று ராத்திரி இஷ் ஸ்மித் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். இங்கே வந்து நிற்கிறேன்.

மத்தியானம் மாமா காரில் கான்கார்ட் கூட்டிப்போனார். வடகிழக்கில் அரை மணி நேரம். பெரிய கார் ரேஸ் மைதானம் இருக்கும் ஊர், கடைகளில் எல்லாம் ரேஸ் கார் படங்கள்தான். இஷ் படித்த சென்ட்ரல் கபாரஸ் உயர்நிலைப் பள்ளி இங்கேதான். லீவு நாள் என்பதால் உள்ளே போகவில்லை. ரோட்டில் நின்றபடியே பார்த்தோம். அகலமான செங்கல் கட்டடம், முன்னால் புல்வெளி.

திரும்பும் வழியில் மாமா ஒரு கதை சொன்னார். அமெரிக்காவில் முதன்முதலில் தங்கம் கிடைத்ததாகப் பதிவானது இதே கபாரஸ் கவுண்டியில்தான். 1799இல் கான்ராட் ரீட் என்ற 12 வயசுப் பையன் ஓடையிலிருந்து 17 பவுண்டு கல் ஒன்றைத் தூக்கிவந்தான். மூன்று வருஷம் அந்த வீட்டில் அதைக் கதவுக்கு முட்டுக் கொடுக்க வைத்திருந்தார்கள். கடைசியில் ஒரு நகைக்காரரிடம் 3.50 டாலருக்கு விற்றார்கள். அது முழுக்கத் தங்கம். மாமா இதைச் சும்மா ஊர்க் கதையாகத்தான் சொன்னார். எனக்கு ராத்திரி வரைக்கும் அந்தக் கல் மனசில் இருந்தது.

இரண்டாம் நாள்: வின்ஸ்டன்-சேலம்

காலையில் கிளம்பி ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிட்டோம். மாமா என்னை இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார், இனிமேல் பஸ்ஸும் ரயிலும்தான். புகையிலைக் கம்பெனி வளர்த்த ஊர் இது. இஷ் படித்த வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகம் இங்கே இருக்கிறது, ஆனால் வேக் ஃபாரஸ்ட் என்ற ஊர் இங்கிருந்து ரொம்ப தூரம். 1956இல் பல்கலைக்கழகத்தையே பெயர்த்துக்கொண்டு இங்கே வந்தார்கள், பெயரை மட்டும் மாற்றவில்லை. மக்னோலியா மரங்கள் வரிசையாக நிற்கும் சதுக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். சரியான குளிர். கையுறை போட்டும் விரல் மரத்துப்போனது.

இந்தக் கல்லூரி பாயிண்ட் கார்டுகளுக்குப் பேர் போனது. பின்னாளில் என்பிஏ நட்சத்திரமான கிறிஸ் பால் இங்கே ஆடியவர். அவருக்கு முன்னால் மக்ஸி போக்ஸ், உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். என்பிஏவில் அவரைவிடக் குள்ளமானவர் இதுவரை ஆடியதில்லை. சார்லட் ஹார்னெட்ஸ் தொடங்கிய 1988ஆம் வருஷமே அவர் அந்த அணிக்கு வந்தார். இஷ் பிறந்ததும் அதே வருஷம், அதே ஊர். வேக் ஃபாரஸ்ட் கல்லூரிக்காக அதிக அசிஸ்ட் கொடுத்தவர் போக்ஸ், மொத்தம் 781. அந்தப் பட்டியலில் இரண்டாவது பெயர் இஷ் ஸ்மித்.

அசிஸ்ட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் கொடுத்த பாஸை வாங்கி இன்னொருவர் கூடையில் போட்டால், புள்ளி அவர் கணக்கில் ஏறும், அசிஸ்ட் உங்கள் கணக்கில் ஏறும். போட்டவர் பெயரைத்தான் ஊர் சொல்லும்.

இஷை இங்கே கொண்டுவந்த கோச் ஸ்கிப் ப்ராஸர். இஷ் முதல் வருஷம் ஆடி முடித்த கோடையில், 2007 ஜூலையில், ஓட்டப் பயிற்சி முடித்து வந்த ப்ராஸர் மாரடைப்பில் இறந்துபோனார். பிள்ளையை நம்பிக் கூட்டிவந்த மனுஷன் போய்விட்டார். மீதி மூன்று வருஷம் வேறு கோச்சின் கீழ். எனக்கு என்னவோ, இஷ் வாழ்க்கையில் முதல் ‘ட்ரேட்’ நடந்தது இங்கேதான் என்று தோன்றுகிறது. ஊர் மாறவில்லை, ஆனால் தன்னை எடுத்தவர் இல்லாத அணியில் புதிதாகத் தன்னை நிரூபிக்கவேண்டி வந்தது.

2010 மார்ச்சில் கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியின் முதல் சுற்று, நியூ ஒர்லியன்ஸில், டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக. கூடுதல் நேரத்தில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது, 1.3 விநாடி மிச்சம் வைத்து இஷ் பந்தைப் போட்டார். 81-80. அந்த வீடியோவைக் குறைந்தது ஐம்பது தடவை பார்த்திருப்பேன். மூன்று மாதம் கழித்து நடந்த ட்ராஃப்டில்தான் 60 பேரில் ஒருவராகக்கூட அவரை எடுக்கவில்லை. வேகம் இருக்கிறது, தூரத்திலிருந்து போடும் ஷாட் இல்லை என்பதுதான் குறை. குறை உண்மைதான். பின்னாளில்தான் அது தேறியது.

மூன்றாம் நாள்: க்ரீன்ஸ்பரோ

பஸ்ஸில் பக்கத்து ஊர். ஹார்னெட்ஸின் துணை அணியான க்ரீன்ஸ்பரோ ஸ்வார்ம் இங்கே ஆடுகிறது. ஜி லீக் என்பது என்பிஏவுக்குக் கீழ்ப்படி. இன்றைக்கு ஆட்டம் இருந்தது, இந்தப் பயணத்தில் நான் ரொம்ப எதிர்பார்த்திருந்த நாள் இதுதான்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஜி லீக்கில் ஒரு சீசனுக்குச் சம்பளம் 2024-25இல் 43,000 டாலர். என்பிஏ அணிகள் ஜனவரி 5 முதல் ‘பத்து நாள் ஒப்பந்தம்’ போடலாம். யாருக்காவது அடிபட்டால், பத்து நாளைக்கு ஓர் ஆளைக் கூப்பிடுவார்கள். அந்த சீசனில் புதிய ஆட்டக்காரருக்குப் பத்து நாளில் 66,000 டாலருக்கு மேல் கிடைத்தது, ஜி லீக்கின் முழு சீசனையும்விட அதிகம். ஒரே அணி ஒருவருக்கு இரண்டு தடவைதான் இப்படிக் கொடுக்கலாம், மூன்றாவது தடவை வேண்டுமென்றால் சீசன் முடியும்வரை வைத்துக்கொள்ளவேண்டும். அதனால் ஜனவரி மாதத்தில் இங்கே ஆடுகிற ஒவ்வொருவரும் போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். நாள்கூலி என்ற அந்தப் பழைய அர்த்தம் இங்கே அப்படியே உயிரோடு இருக்கிறது.

ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே போய்விட்டேன். சின்ன அரங்கம், தரைக்குப் பக்கத்திலேயே உட்காரலாம், ஷூ உரசும் சத்தம் பக்கத்தில் கேட்கும். எதிரணியில் ஒரு பாயிண்ட் கார்டு. அன்றுதான் அந்த அணிக்கு வந்திருக்கவேண்டும், பயிற்சிச் சட்டையில் எண்ணே இல்லை. அவரும் உயரமான சென்டர் ஒருவரும் வளையத்துக்குப் பக்கத்தில் நின்றார்கள். கார்டு நெஞ்சு உயரத்தில் ஒரு பாஸ் போட்டார். சென்டர் தலையை ஆட்டி, இடது உள்ளங்கையை விரித்துக் காதுக்கு மேலே தூக்கிக் காட்டினார், இங்கே கொடு என்று. மறுபடி அங்கே போட்டார். இன்னும் கொஞ்சம் வெளியே என்று கை காட்டினார். மறுபடி. ஏழெட்டுத் தடவைக்கு அப்புறம் சென்டர் கட்டைவிரலைத் தூக்கினார். உடனே கார்டு அடுத்த ஆளிடம் போனார், அதே கேள்வி. அப்புறம் அடுத்தவர். அரங்கத்தில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது, அவர் எதையும் கவனிக்கவில்லை. இருபது நிமிஷத்தில் ஐந்து பேருக்குப் பந்து எங்கே வேண்டும் என்பதை மனப்பாடம் செய்துகொண்டார்.

வெளியிலிருந்து பார்த்தால் இது வெறும் வார்ம்-அப். ஷூட்டர் ஒருவர் அணி மாறினால் மூலையில் போய் நின்று, வரும் பந்தைப் போட்டால் போதும், எந்த ஊரிலும் மூலை மூலைதான். பாயிண்ட் கார்டுக்கு அப்படி இல்லை. எல்லோருடைய இடமும் அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும், கோச் கை காட்டினால் எந்தத் திட்டம் என்று புரியவேண்டும், மற்ற நான்கு பேருக்கும் உரக்கச் சொல்லவேண்டும். சமையல் மாஸ்டர் புதுக் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்த அரை மணியில் எந்தப் பாத்திரம் எங்கே, எந்த அடுப்பு எரியும், எந்தப் பையன் வேலை செய்வான் என்று தெரிந்துகொள்வது போன்ற வேலை. இஷ் இதைப் பதின்மூன்று மண்டபத்தில் செய்திருக்கிறார்.

ஆட்டத்தில் ஒரு புது விஷயம். எதிரணி தப்பாட்டம் ஆடினால் தடையில்லாமல் போடக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ, ஜி லீக்கில் இரண்டு மூன்று கிடையாது, ஒன்றே ஒன்றுதான், அதிலேயே முழுப் புள்ளியும். கடைசி இரண்டு நிமிஷத்துக்கு மட்டும் பழைய விதி. ஆட்டம் சீக்கிரம் முடியத்தான். அந்த எண் இல்லாத கார்டு மூன்றாம் குவார்ட்டரில் எண்ணோடு உள்ளே வந்தார். இரண்டாவது நிமிஷமே சென்டருக்குக் காதுக்கு மேலே, கொஞ்சம் வெளியே, ஒரு பாஸ். டங்க். நான் மட்டும் எழுந்து கை தட்டினேன். பக்கத்தில் இருந்த பாட்டி உள்ளூர் அணிக்காரர், என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் அவரும் சிரித்துக்கொண்டே தட்டினார்.

நான்காம் நாள்: ரயில்

கரோலினியன் ரயில், காலையில் க்ரீன்ஸ்பரோவில் ஏறினால் வாஷிங்டனுக்கு மாலையில். நாள் முழுக்க ஜன்னல். பைன் மரம், சிவப்பு மண், கைவிட்ட புகையிலைக் கொட்டகைகள், சின்னச் சின்ன ஸ்டேஷன்கள்.

ராலே வந்தது. சக்கி பிரவுன் கல்லூரி ஆட்டம் ஆடிய ஊர். இஷுக்கு முன்னால் 12 அணிகள் என்ற சாதனையை நான்கு பேர் வைத்திருந்தார்கள், அதில் பிரவுன் ஒருவர். மற்றவர்கள் ஜிம் ஜாக்சன், டோனி மாசென்பர்க், ஜோ ஸ்மித். இதில் ஜோ ஸ்மித் 1995 ட்ராஃப்டில் முதலாவதாக எடுக்கப்பட்டவர். ஜாக்சன் 1992இல் நான்காவதாக. யாரும் எடுக்காத இஷும், நாடே கொண்டாடி எடுத்தவரும் ஒரே பட்டியலில் வந்து நிற்கிறார்கள். நேற்று ராத்திரி இதை நோட்டில் எழுதும்போதுதான் ஒன்று பட்டது. அந்த நான்கு பேரும் முன்னால் ஆடுகிறவர்கள் அல்லது ஓரத்தில் ஆடுகிறவர்கள். பாயிண்ட் கார்டு யாருமே இல்லை. இஷ் மட்டும்தான். இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, எனக்கோ இதுதான் அவர் கதையிலேயே பெரிய விஷயம்.

மத்தியானத்துக்கு மேல் ரிச்மண்ட். ஆந்த்ரே இங்ராம் பிறந்த ஊர். வாஷிங்டனில் கல்லூரிப் படிப்பு, இயற்பியல் பட்டம். பத்து வருஷம் கீழ் லீக்கிலேயே ஆடினார், சம்பளம் போதாமல் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தார். 2018 ஏப்ரலில், சீசனில் இரண்டே ஆட்டம் மிச்சமிருந்தபோது, 32 வயசில் லேக்கர்ஸ் அவரைக் கூப்பிட்டது. முதல் ஆட்டத்தில் 19 புள்ளி. தூரத்திலிருந்து போட்ட ஐந்தில் நான்கு விழுந்தன. தலைமுடி நரைத்திருந்தது. இங்ராம் 13 ஊருக்குப் போகவில்லை, ஒரே படியில் பத்து வருஷம் நின்றார். அதுவும் இந்தத் தொழில்தான்.

ரயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம். வாஷிங்டன் அரங்கத்தை ராத்திரி விளக்கில் வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. இந்த ஊர் அணி 2015 அக்டோபரில், சீசன் தொடங்கும் முன் பயிற்சி முகாமிலேயே இஷை விடுவித்தது. 2019இல் அதே அணி அவருக்கு இரண்டு வருஷ ஒப்பந்தம் கொடுத்தது. 2021இல் அவர் பிறந்த ஊரான சார்லட் போனார். 2022 பிப்ரவரியில் இதே வாஷிங்டன் அவரை ட்ரேடில் திரும்ப வாங்கியது. விட்ட வாசலிலேயே மூன்று தடவை.

ஐந்தாம் நாள்: ஃபிலடெல்ஃபியா

ப்ராட் ஸ்ட்ரீட் சுரங்க ரயிலில் தெற்கே கடைசி ஸ்டேஷன் வரை போனால் மைதானங்கள். பேஸ்பால், ஃபுட்பால், கூடைப்பந்து எல்லாம் பக்கம் பக்கமாக, சுற்றிலும் கடல் மாதிரி கார் பார்க்கிங். காற்று முகத்தில் அறைந்தது. ஒரு சூடான ப்ரெட்ஸல் வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன், தின்பதைவிடக் கை காய்வதற்கு.

இஷ் ஆடிய ஊர்களில் எனக்கு ரொம்பப் பிடித்த கதை இந்த ஊருடையது.

2014-15 சீசனை அவர் ஹூஸ்டனில் தொடங்கினார். டிசம்பரில் ஒக்லஹோமா சிட்டி. பிப்ரவரியில் அங்கிருந்து நியூ ஒர்லியன்ஸுக்கு ட்ரேட், அந்த அணி ஓர் ஆட்டம்கூட ஆடவிடாமல் விடுவித்தது. ஓர் அணி விட்டால், 48 மணி நேரத்துக்குள் வேறு அணி எடுத்துக்கொள்ளலாம். அப்படி ஃபிலடெல்ஃபியா எடுத்தது. வேண்டுமென்றே இளம் பையன்களை வைத்துத் தோற்று, நல்ல ட்ராஃப்ட் வாய்ப்புகளைச் சேர்த்துக்கொண்டிருந்த அணி அது. இஷ் வந்ததும் நெர்லென்ஸ் நோயல் என்ற இளம் சென்டர் மலர்ந்தார். வளையத்துக்கு மேலே தூக்கிப் போட்டால் பிடித்து அழுத்துவார், யாராவது சரியான நேரத்தில் தூக்கிப் போடவேண்டும், அவ்வளவுதான்.

கோடையில் அணி இஷைத் தக்கவைக்கவில்லை. வாஷிங்டன் முகாம், அங்கும் விடுவிப்பு, அப்புறம் நியூ ஒர்லியன்ஸ், இந்தத் தடவை நிஜமாகவே ஆடினார். இங்கே ஃபிலடெல்ஃபியாவில் என்ன நடந்தது? முதல் 31 ஆட்டத்தில் ஒன்றுதான் வெற்றி, 30 தோல்வி. பந்தைக் கொண்டுபோய் ஒருவரிடம் ஒழுங்காகக் கொடுக்க ஆள் இல்லை. 2015 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், எதிர்கால ட்ராஃப்ட் வாய்ப்புகள் இரண்டைக் கொடுத்து இஷைத் திரும்ப வாங்கினார்கள். கோடையில் சும்மா விட்ட ஆளை!

26ஆம் தேதி, ஃபீனிக்ஸில், இஷின் இன்னொரு பழைய அணிக்கு எதிராக, ஃபிலடெல்ஃபியா ஜெயித்தது.

அந்த சீசன் முடிவில் கணக்கு 10 வெற்றி, 72 தோல்வி. பேப்பரில் பார்த்தால் படுமோசம். ஆனால் பிரித்துப் பாருங்கள். முதல் 31இல் ஒன்று, மீதி 51இல் ஒன்பது. அந்த ஒன்பது வெற்றி எனக்கு ஒரு சாம்பியன் கோப்பைக்குச் சமம். தோற்கிற அணியில் இருக்கிற இருபது வயசுப் பையனுக்கு, தான் ஓடினால் பந்து வரும் என்று தெரிவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, தோற்கிற பிள்ளைகளை வைத்துப் பயிற்சி கொடுத்தவர்களுக்குத் தெரியும். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அக்காவுக்கு போனில் இந்தக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “கிறிஸ்துமஸ் அன்னைக்கா வீடு மாத்தினான்? பாவம்டா” என்றாள். நான் வெற்றியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டு வாடகை, முன்பணம், பெட்டி கட்டுவது, இதெல்லாம் எனக்குத் தோன்றவேயில்லை.

ஆறாம் நாள்: ஆபர்ன் ஹில்ஸ்

டெட்ராய்ட்டுக்கு விமானம். ஏறியது நான், என் பெட்டி ஏறவில்லை. நாளை டென்வருக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். தோள் பை மட்டும் கையில்.

நகரத்திலிருந்து வடக்கே முப்பது மைல் தள்ளி ஆபர்ன் ஹில்ஸ். இங்கே ‘பேலஸ்’ என்ற அரங்கம் இருந்தது. 1988 ஆகஸ்டில் திறந்தார்கள், இஷ் பிறந்து ஒரு மாதம் கழித்து. டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணி அங்கிருந்தபடி மூன்று தடவை சாம்பியன் ஆனது. 2016இல் இஷ் இங்கே வந்தார், மூன்று வருஷத்துக்கு 18 மில்லியன் டாலர். ஆறு வருஷம் பெட்டியும் கையுமாக அலைந்தவருக்குக் கிடைத்த முதல் நீண்ட ஒப்பந்தம். அந்த சீசன் தொடங்கும்போது முதல் பாயிண்ட் கார்டு ரெஜி ஜாக்சனுக்கு முழங்கால் பிரச்சினை, இஷ்தான் அந்த இடத்தில் ஆரம்பித்தார். 2017 ஏப்ரலில் பேலஸின் கடைசி ஆட்டம் நடந்தது, அணி நகரத்துக்குள் புது அரங்கத்துக்குப் போய்விட்டது. 2020 ஜூலையில் வெடிவைத்து பேலஸின் கூரையைத் தகர்த்தார்கள்.

டாக்சிக்காரர் இறக்கிவிட்ட இடத்தில் பனியும், கம்பி வேலியும், நீளமான புதுக் கட்டடங்களும்தான். அரங்கம் நின்ற இடம் எது என்றுகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்க முடியாத குளிர். இஷ் வயசுதான் அந்தக் கட்டடத்துக்கும். அது இடிந்து விழுந்த வருஷம் அவர் வாஷிங்டனுக்கு ஆடிக்கொண்டிருந்தார், அதற்கப்புறமும் நான்கு சீசன்.

ஏழாம் நாள்

முழுக்க விமான நிலையம். டென்வர் வந்து சேர்ந்தபோது ராத்திரி பதினொன்று. பெட்டி வந்திருந்தது.

எட்டாம் நாள்: டென்வர்

கடல் மட்டத்திலிருந்து சரியாக ஒரு மைல் உயரத்தில் இருக்கும் ஊர், 5,280 அடி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எதிரணிகளுக்கு இங்கே நான்காம் குவார்ட்டரில் கால் ஓடாது என்று சொல்வதை இன்று நம்பினேன்.

2022 ஜூலையில் வாஷிங்டன் இஷை இங்கே ட்ரேட் செய்தது, கென்டேவியஸ் கால்ட்வெல்-போப்போடு சேர்த்து. அவர் டெட்ராய்ட்டில் இஷோடு ஆடியவர், பழைய பழக்கம். அந்த அக்டோபரில் டென்வர் ஜெர்சியில் இறங்கியபோதுதான் 13ஆவது அணி என்ற சாதனை. அந்த பெஞ்சை நினைத்துப் பாருங்கள். இஷ் 13 அணி, ஜெஃப் க்ரீன் 11 அணி, டிஆந்த்ரே ஜோர்டான் 7 அணி. க்ரீன் 2012 ஜனவரியில் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஒரு சீசன் முழுக்கப் படுத்தவர். இந்த மூன்று பேரும் பெஞ்சில், மைதானத்தில் அணியின் நட்சத்திரங்களான யோகிச்சும் ஜமால் மர்ரேயும். 2023 ஜூன் 12ஆம் தேதி, மயாமியை 94-89 என்று தோற்கடித்து, டென்வர் தன் வரலாற்றில் முதல் தடவையாகச் சாம்பியன் ஆனது. இறுதிச் சுற்றில் இஷ் ஆடியது மிகக் கொஞ்சம். சாம்பியன் அணிக்குக் கொடுக்கும் மோதிரம் எல்லோருக்கும் ஒரே மோதிரம்தான். அடுத்த சீசனில் மறுபடி சார்லட், ட்ரேட் ஸ்ட்ரீட்.

இன்று ஆட்டம் இருந்தது. டிக்கெட் விலை என் ஒரு வார ஹோட்டல் செலவு. இரண்டு மணி நேரம் முன்னாலேயே உள்ளே விட்டார்கள். கூரையில் அந்த ஒற்றை 2023 கொடி தொங்குகிறது. கீழே, இருக்கைகள் காலியாக இருக்கும்போதே, எதிரணியின் மூத்த கார்டு ஒருவர் தனியாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். பேர் சொல்லவில்லை, அவரும் நிறைய ஊர் பார்த்தவர். மூலையிலிருந்து பத்து, அடுத்த இடத்திலிருந்து பத்து. அவருக்குப் பந்து பொறுக்கிப் போட்ட உதவியாளர் எண்ணிக்கொண்டே வந்தார். முடித்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு, துண்டை மடித்து வைத்தார்.

ஆட்டம் தொடங்கியபோது அந்த மூத்த கார்டு பெஞ்சின் ஓரத்திலிருந்து இரண்டாவது நாற்காலியில், ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். முதல் டைம்-அவுட் விசில். எல்லோருக்கும் முன்னால் எழுந்து, மூச்சு வாங்க ஓடிவந்த இளம் கார்டுக்குத் தன் நாற்காலியைக் கொடுத்தார். கோச் பலகையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். மூத்தவர் குனிந்து, பையன் காதருகே ஏதோ சொன்னார். இடது கையை விரித்து, காதுக்கு மேலே, கொஞ்சம் வெளியே தள்ளிக் காட்டினார். பையன் தலையாட்டினான்.

மூன்றாவது பந்தில் பாஸ் அங்கேதான் போனது. மூத்தவர் ஜிப்பைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, கை தட்டினார்.